மதிப்பெண்ணும் வரிசையும்

பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லையென்று மேடையிலே முழங்குகிறோம். வகுப்பறைக்குள் நுழைந்ததும் முதல் மாணவன், கடைசி மாணவன் என்று வரிசை கட்டுகிறோம். ஊரிலே ஒழித்த வருணத்தை உள்ளே கொண்டுவந்து குடியேற்றலாமா, தோழர்களே?

2017 மே மாதத்தில் பொதுத்தேர்வுகளுக்கு மாநில, மாவட்ட ரேங்க் வெளியிடுவதைத் தமிழ்நாடு அரசு நிறுத்திற்று. அப்போதைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன் நம் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். மதிப்பெண்ணுக்கென்றே பேர்பெற்று, 'பிராய்லர் பள்ளிகள்' என்ற ஏச்சையும் வாங்கிக்கொண்ட நாமக்கல் விடுதிப் பள்ளிகளும் இதே கொங்கு மண்ணில்தான்! பட்டியல் கோட்டையை விட்டு வெளியேறிற்று. வகுப்புச் சுவரை விட்டு வெளியேறவில்லை.

மதிப்பெண்ணே வேண்டாம் என்போமா? மாட்டோம். பொதுத்தேர்விலே பெயர் மறைத்த விடைத்தாளைத் திருத்துபவருக்கு, எழுதியவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரியாது. அந்த மறைப்பு, எளியவனுக்குக் கிடைத்த அரண். அதனைக் காப்போம்.

ஆனால் சோமனூரில் தறிக்காரர் மகன் கணக்கிலே 38 வாங்குகிறான். சதவீதத்தைத் தசமமாக்கும் இடத்தில் புள்ளியைத் தவறி வைத்தான். அதற்குமேல் எல்லாம் சாய்ந்தது. 38 இதைச் சொல்லுமா? இழை அறுந்தால் அவன் தந்தை தறியை நிறுத்தி, அறுந்த இடம் பார்த்து முடிச்சிடுகிறார். தறியை வைகிறாரா?

2012-13இல் வந்த முப்பருவ முறை, நூற்றில் 40 மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கியது இதற்காகத்தான். பிழையை ஓரத்தில் குறித்து, திரும்பச் செய்யச் சொல்லி, திருத்தியதற்கும் மதிப்பெண் தருவோம். நாற்பது தாளுக்கு நேரம் ஏது என்பர் சிலர். ரேங்க் எழுதிச் சுவரில் ஒட்ட மட்டும் நேரம் இருக்கிறதே!