மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு உண்டா?

வரன் பேசும்போது பெண்வீட்டார் பலர் இப்போது முதலில் விசாரிப்பது மாப்பிள்ளையின் சம்பளத்தையும் சொந்த வீட்டையும். பெண்களுக்கு ஆசை கூடிவிட்டது என்று ஊரார் அலுத்துக்கொள்கிறார்கள். வரதட்சணையைக் கூச்சமின்றி எண்ணி வாங்கிய ஊர் இப்படி அலுத்துக்கொள்வது வேடிக்கைதான். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி: இது பேராசையா? ஒரு வரனை வேண்டாம் என்று சொல்லவும், கல்யாணமே இப்போது வேண்டாம் என்று சொல்லவும் அந்தப் பெண்ணுக்கு என்ன வழி இருக்கிறது என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

வழி எல்லோருக்கும் ஒன்றல்ல. வசதியான வீட்டு மகள் மேற்படிப்பு முடியட்டும் என்றால் அது லட்சியம். கூலிவீட்டு மகள் சொன்னால் அடம். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் பதின்வயதுப் பெண்கள் விடுதியில் தங்கி மூன்றாண்டுகள் வேலைசெய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை என்றார்கள். அதற்குப் பெயர் சுமங்கலித் திட்டம். 1961இலேயே சட்டம் தடைசெய்த வரதட்சணைக்குத்தான் அந்தப் பணம் என்பதை மறைக்கக்கூட அந்தப் பெயர் முயலவில்லை. அவள் கல்யாணத்தை விரும்பினாளா என்று யாரும் கேட்குமுன்பே அவள் உழைப்பு அதற்கு அடகு போய்விட்டது. அவளுக்கு மறுக்க ஒரு வழி வேண்டும் என்பதை அரசும் தாமதமாகவே உணர்ந்தது. 1989இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் பின்னாளில் தாலிக்குத் தங்கமும் தந்தது. படிப்பை நிபந்தனையாக்கியது நல்லதே. ஆனால் கல்யாணம் என்று ஒன்று இருந்தால்தான் உதவி. 2022இல் அது புதுமைப்பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் என்றானது. எப்படியும் நடக்கப்போகும் கல்யாணத்துக்கு ஏழைத் தகப்பன் தங்கத்தைக் கடனில் வாங்க வேண்டியிருக்கிறதே என்பது மெய்யான குறை. ஆயினும் இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்று சொல்ல அந்த ஆயிரம் ரூபாய் அவளுக்கு ஒரு பிடி கொடுக்கிறது. தங்கம் அதைக் கொடுக்கவில்லை.

சம்பளம் கேட்பதும் வரதட்சணை கேட்பதும் ஒன்றுதானே என்பார்கள். சொத்தும் கைநிறையச் சம்பாத்தியமும் உள்ளவள் கேட்டால் ஒன்றுதான். அங்கே வாதிட ஏதுமில்லை. கல்யாணத்தோடு வேலையை விட்டு அவன் வீட்டுக்கே போகப்போகிறவளுக்கோ அவன் வருமானம்தான் காலூன்ற நிலம். அக்கா தங்கைகளைக் கரையேற்றிவிட்டு முப்பத்தைந்தில் பெண் தேடும் ஏழை ஆணின் வருத்தமும் பொய்யல்ல. அவன் இளமையைத் தின்றதும் இதே வரதட்சணைக் கணக்குதான். கோபம் மட்டும் இடம் மாறி விழுகிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்தது. சீர் செய்தாயிற்றே என்று சொல்லித் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய அண்ணன்தான், தனக்கு வரன் தேடும்போது, பெண்வீட்டில் சொந்த வீடு கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறான்.