பேய்க் கப்பலும் கைவிடப்பட்ட மனிதனும்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வசிக்கும் நமக்குக் கடல் தூரம். ஆயினும் கப்பல் பேய் சினிமா வழியாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது. 2020-ல் வெளியான ‘பூத்’ என்னும் இந்திப் படத்தில், மும்பைக் கரையில் ஒதுங்கிய ஆளில்லாக் கப்பலில் பேய் உலாவுகிறது.

அக்கதைக்குத் தூண்டுகோலான மெய்க் கப்பல் ‘விஸ்டம்’. 2011 ஜூனில், உடைப்பதற்காகக் கொழும்பிலிருந்து குஜராத்தின் அலங்குக்கு இழுத்துச் செல்லும் வழியில், கயிறு அறுந்து ஜுஹு கரையில் தட்டிற்று. அதில் ஆளுமில்லை, பேயுமில்லை.

இத்தகைய படம் பார்ப்பது பாவமா என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு முந்திய கேள்வி ஒன்றுண்டு: மனிதன் எதற்கு அஞ்சுவது தகும்?

2017-ல் எகிப்துக் கரையோரம் ‘அமான்’ என்ற கப்பல், சான்றிதழ்கள் காலாவதியானதால் தடுத்து வைக்கப்பட்டது. அதற்குச் சட்டப் பொறுப்பாளியாக்கப்பட்ட சிரியா நாட்டு மாலுமி ஒருவர், 2021 வரை ஊர் திரும்ப வழியின்றி, கடைசியில் தன்னந்தனியே இருளில் கிடந்தார். அவரைச் சிறைப்படுத்தியது பேயன்று, மனிதர்களின் அலட்சியம்.

படகிலிருந்த அப்போஸ்தலர்கள் பேயென்று அலறினார்கள். வந்தவரோ காப்பாற்ற வந்த சேசுநாதர். நாமும் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுகிறோம். பேய்க்குப் பயந்தவன் விளக்கேற்றிவிட்டுத் தூங்கலாம். கைவிடப்பட்டவனை நினைத்துப் பயந்தவனோ எழுந்துபோய் உதவவேண்டும். படம் பார்த்து நடுங்கும் பிள்ளைக்கு ‘விஸ்டம்’ கதையைச் சொல்லித் தேற்றுங்கள். ‘அமான்’ கதையையும் மறவாமல் சொல்லுங்கள்.