ரயில் ஏற்றிவிட்ட பிறகு

கல்லூரி மாணவர்களுக்கு நடக்கும் கோடைகாலப் பயிற்சி முகாம்களின் கடைசி மூன்று நாட்களை நீங்கள் பார்த்ததுண்டா? முதல் வாரம் மெஸ் சாம்பாரைத் திட்டிக்கொண்டு, 'எப்படா ஊருக்குப் போவோம்' என்று நாள் எண்ணிய அதே பசங்கள், கடைசி வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு ஹாஸ்டல் வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்துகொண்டு தூங்க மாட்டோம் என்பார்கள். போன் நம்பர், குரூப் போட்டோ, சான்றிதழ், சிறப்பு விருந்தினரின் நீண்ட உரை. அப்புறம் ஆளுக்கொரு திசையில் ரயில். யாராவது ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டால், 'பாவம், பிரெண்ட்ஸைப் பிரியறா' என்று நினைத்துக்கொள்வோம்.

எனக்கென்னவோ அது பிரிவுத் துயரம் மட்டும் இல்லை என்று படுகிறது.

1993-ல் பேராசிரியர் எஸ்.குமரேசன் தொடங்கிய 'எம்.டி.டி.எஸ்.' கணித முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, கோடையில் நான்கு வாரம் ஓரிடத்தில் தங்கவைத்துக் கணிதம் சொல்லித்தருவார்கள். 'சொல்லித்தருவார்கள்' என்பதுகூட சரியில்லை. கேள்வி கேட்பார்கள். பதிலை மாணவர்கள்தான் தேட வேண்டும். அதன் வழியில் இன்னும் சில முகாம்களும் நடக்கின்றன.

நண்பர் ஒருவரின் மகள் இப்படியொரு முகாமுக்குப் போய் வந்தாள். சின்ன ஊர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம். அதுவரை அவளுக்குக் கணிதம் என்றால் நோட்ஸ், மனப்பாடம், எண்பது மார்க். முகாமில் ஒரு நாள், புள்ளிக்கப்புறம் முடிவே இல்லாமல் ஒன்பதாகப் போட்டுக்கொண்டே போனால், அதாவது 0.999... என்று போனால், அது ஒன்றா, ஒன்றுக்குக் கொஞ்சம் கம்மியா என்று கேட்டார்களாம். மதியம் பூரா சண்டை. ஒன்றேதான் என்று அவளே கரும்பலகையில் நிரூபித்தபோது மணி ஆறு. 'டீ குடிக்கவே மறந்துட்டோம் அங்கிள்' என்றாள் என்னிடம்.

ஜூலையில் கல்லூரி திறந்தது. வகுப்பில் எழுந்து, 'இது ஏன் ஸார் இப்படி?' என்று கேட்டாள். 'அதெல்லாம் எக்ஸாமுக்கு வராதும்மா, உட்காரு.' அந்த ஆசிரியரை வில்லனாக்காதீர்கள். அறுபது பேர், முடிக்க வேண்டிய சிலபஸ், ரிசல்ட் குறைந்தால் மேலிடத்து மெமோ. இரண்டாவது முறை கேட்டபோது வகுப்பே சிரித்தது. மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை.

நண்பர் என்னிடம் புலம்பினார். 'அனுப்பாமலே இருந்திருக்கலாம்யா. நல்லாத்தான் இருந்தா. இப்ப எதுலயும் ஒட்ட மாட்டேங்கறா. அவங்க செஞ்சது நல்லதா, கெடுதலா, நீயே சொல்லு!'

நீங்கள் என்ன சொல்வீர்கள்? சோறு போட வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பசியைக் கிளப்பிவிடலாமா?

1903-ல் கும்பகோணத்தில் பள்ளி மாணவனாக இருந்த ராமானுஜனின் கையில் ஜி.எஸ்.கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், நிரூபணங்கள் ரொம்பக் குறைச்சல். அதைப் பிடித்துக்கொண்டவர் மற்ற பாடங்களை விட்டுவிட்டார். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. பச்சையப்பனில் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. ஹார்டிக்குக் கடிதம் எழுதியது 1913 ஜனவரியில். நடுவில் ஏறக்குறைய பத்து வருடப் பசி! ஹார்டி பதில் போட்டதால் நமக்கு இந்தக் கதை தெரிகிறது. பதில் வராதவர்களின் கதை யாருக்குத் தெரியும்?

அதனால் நண்பர் சொல்வது சரி என்று ஆகிவிடுமா? 'தெரியாமல் இருந்தால் நிம்மதியாக இருப்பாள்' என்ற வாதம் ரொம்பப் பழசு. பெண்களைப் பள்ளிக்கு அனுப்புவதற்கு எதிராக நம் தாத்தாக்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். அந்த நிம்மதி வேண்டுமா வேண்டாமா என்று அவளையல்லவா கேட்க வேண்டும்? கேட்டேன். 'அந்த நாலு வாரத்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் அங்கிள்' என்றாள், கொஞ்சம் கோபமாகவே.

ஆனால், முகாம் நடத்துகிறவர்களையும் அவ்வளவு சுலபமாக விட்டுவிட எனக்கு மனமில்லை. நிறைவு விழாவில் 'பொறியைத் தந்துவிட்டோம், இனி உங்கள் பொறுப்பு' என்று கைகழுவும் பேச்சு ஒன்று தவறாமல் வரும். நான் பி.காம். படித்தவன். மார்ச் 31-ம் தேதி கணக்கை முடித்தாலும், கொடுக்க வேண்டிய பாக்கி மறைந்துவிடாது, அடுத்த வருடப் பேரேட்டின் முதல் வரியில் வந்து நிற்கும் என்பது எங்களுக்கு ஆரம்பப் பாடம். சான்றிதழோடு கணக்கு முடிந்தது என்று எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

பெரிய செலவு ஒன்றுமில்லை. கடைசி மூன்று நாட்களில் பொன்னாடை, உரைகளையெல்லாம் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ஒரு மேப்பை விரிக்கலாம். யார் எந்த ஊர், பஸ் தூரத்தில் பழைய மாணவர் யார் இருக்கிறார்கள், வெளியாளை உள்ளே விடும் நல்ல நூலகம் பக்கத்தில் எது, ஆகஸ்ட் மாதம் சந்தேகம் வந்தால் எந்தப் பேராசிரியருக்கு எழுதினால் பதில் வரும்? ஆளுக்கொரு தாளில் இதை எழுதிக் கொடுத்து ரயில் ஏற்றலாம்.

நண்பர் மகளுக்கு அப்படி ஒரு தாள் கிடைக்கவில்லை. அதே முகாமுக்கு முந்தைய வருடம் போய்வந்த பெண் ஒருத்தி முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கல்லூரியில் இருந்தாள். இரண்டு பேர் முகவரியும் முகாம்காரர்களின் பதிவேட்டில் இருந்திருக்கும். நவம்பரில் ஏதோ ஒரு நுழைவுத் தேர்வு ஹாலுக்கு வெளியே, பையில் இருந்த முகாம் சின்னத்தைப் பார்த்து, தற்செயலாக ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போகிறாள். நண்பர்தான் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கிறார், முணுமுணுத்துக்கொண்டே.