ஆறாந்தரம் பண்ணும் சத்தியம்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு, பூசைக்கு உதவியாகச் செட்டிகுளப் பக்கம் போயிருந்தேன். பூசை முடிந்து கோயில் வளவு மர நிழலில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க கமக்காரர் ஒருவர் வந்து வாங்கின் மறு நுனியில் இருந்தார். மழையைப் பற்றியும் குளத்து நீரைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு, சொல்ல வந்ததைச் சொன்னார்.

"சுவாமி, சிகரட்டை விடுறன் எண்டு அஞ்சு தரம் சத்தியம் பண்ணி அஞ்சு தரமும் முறிச்சுப்போட்டன். ஆறாந்தரமும் பண்ணினால் அது பொய்ச் சத்தியந்தானே?"

இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் கேட்கவில்லை; மரத்தடியில் கேட்டேன். பெயர் குறிப்பிடாமல் எழுத அவரிடம் அனுமதியும் பெற்றேன். ஏனெனில் இக்கேள்வி அவருடையது மட்டுமன்று. சிகரட்டுக்குப் பதில் சாராயத்தை, கோபத்தை, கடன் வாங்கும் பழக்கத்தை வைத்துப் பாருங்கள். எம்மில் யார் அந்த வாங்கில் இருக்கவில்லை?

அவருடைய ஐந்து முயற்சிகளில் முதலாவதைக் கணக்கில் சேர்க்கலாமா என்பதிலேயே அவருக்குச் சந்தேகம். 2009 இல், போரின் முடிவில், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கம்பிவேலிக்குள் வாழ்ந்த இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்களில் அவர் குடும்பமும் இருந்தது. கையில் காசில்லை. தண்ணீருக்கு வரிசையில் நிற்பதே நாள் முழுதும் வேலை. இனி இந்தச் சனியனைத் தொடுவதில்லை என்று அங்கே சத்தியம் பண்ணி ஏழு மாதம் புகைக்காமல் இருந்தார். வெளியே விட்ட அன்று, பஸ் ஏறுமுன் ஒன்றை வாங்கிப் பற்றவைத்தார். "அங்கை நான் அதை விட்டனானோ, அது என்னை விட்டதோ, எனக்கு இப்பவும் விளங்கேல்லை" என்றார்.

பிறகு, நாளுக்குப் பத்தை ஐந்தாக்கி, ஐந்தை மூன்றாக்கிப் பார்த்தார். மூன்றும் மூன்று தங்கக்காசு போலாகிவிட்டன. அடுத்தது எப்போது என்பதே பகல் முழுதும் நினைப்பு. அதன்பின் சிகரட்டை விட்டுப் புகையிலை சேர்த்து வெற்றிலை போட்டார். வாய்ப் புற்றுநோய்க்கு அதுவும் ஒரு வாசல் என்று யாரோ சொல்ல அதை விட்டு, பழைய இடத்துக்கே திரும்பினார். நான்காம் தரம் ஆவணித் திருநாளில் மருதமடு மாதா சந்நிதியில் முழங்காலிலிருந்து நேர்த்தி வைத்தார். அது வீடு வந்து சேரும் மட்டும் நிலைக்கவில்லை. வழியில் ஒரு சந்தித் தேநீர்க்கடையிலேயே முடிந்தது. ஐந்தாவதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. மூத்த மகளுக்குத் தொய்வு. அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். மூன்று கிழமை போயிற்று. பிறகு, வயல் கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்து நின்று புகைத்ததை அவளே கண்டாள். அன்றிலிருந்து மனைவி, "உந்தச் சத்தியக் கதையை இனி இந்த வீட்டிலை எடுக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. குருமட நாட்களில் ஒளித்துப் புகைத்தவர்களில் நானும் ஒருவன். விட எனக்கு ஏழு வருடம் பிடித்தது. ஆகவே, உபதேசம் பண்ண எனக்கு வாய் வரவில்லை.

நல்லது எதுவென்று அறிந்தவன் அதற்கு மாறாகச் செய்யமாட்டான், செய்தால் அவனுக்கு அறிவு போதாது என்பது சோக்கிரட்டீசின் கொள்கை. மனைவி, மகள், வைத்தியர், சிகரட் பெட்டியிலுள்ள படம் எல்லாம் எங்கள் கமக்காரருக்கு அறிவூட்டியாயிற்று. அறிவு குறைவென்று யார் சொல்லலாம்? அறிந்தும் வழுவும் மனிதர் உண்டு என்று ஒப்புக்கொண்டு அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் ஏழாம் பகுதியில் இதை ஆராய்கிறார். விரும்பும் நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்யும் தம் நிலையைப் புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் மறைக்காமல் சொல்கிறார்.

ஆயினும் நண்பரின் கேள்வி இதையும் தாண்டியது. விழுவேன் என்று எண்ணிக்கொண்டே விழமாட்டேன் என்று சொல்வது பொய்யல்லவா?

இதற்கு எனக்குத் துணை நின்றது, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1996 மார்ச்சில் கர்தினால் வில்லியம் பௌம் அவர்களுக்கு, பாவசங்கீர்த்தனம் பற்றி எழுதிய மடல். மீண்டும் விழக்கூடும் என்ற அச்சம் ஒருவருக்கு இருப்பதால் அவருடைய மனந்திரும்பும் பிரதிக்கினை பொய்யாகிவிடாது என்பது அதிலுள்ள கருத்து. முன்னைய விழுகைகளைப் பார்த்து "இவன் விழக்கூடும்" என்று கணிப்பது அறிவின் வேலை. "விழ விரும்பவில்லை" என்பது சித்தத்தின் வேலை. இரண்டும் ஒரே மனிதனுக்குள் ஒரே வேளையில் இருக்கலாம். வானம் பொய்க்கக்கூடும் என்று அறிந்தே கமக்காரர் விதைக்கிறார். அந்த விதைப்பைப் பொய் விதைப்பென்று யாரும் சொல்வதில்லை.

அறிவின் கணிப்பும் இலேசானதன்று. வேறு உதவி எதுவுமின்றி, மனவுறுதி ஒன்றையே நம்பி விட முயல்வோரில் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழிந்தபின் நிலைத்திருப்பவர் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் மட்டுமே என்று மேல்நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. உள்ளிழுத்த புகையின் நிக்கொட்டின் பத்து இருபது விநாடிகளுக்குள் மூளையை எட்டிவிடுகிறது. வருடக்கணக்காக நாளுக்குப் பத்துத் தரம் அவ்வாறு பழக்கப்பட்ட மூளை, ஒரு திருநாள் நேர்த்தியோடு சும்மா இருந்துவிடாது. சிறிது சிறிதாகக் குறைப்பது பற்றியும் சோதித்திருக்கிறார்கள். 2016 இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில் ஏறத்தாழ எழுநூறு பேர் பங்குபற்றினர். குறித்த நாளில் ஒரேயடியாக விட்டவர்களில் நூற்றுக்கு 49 பேரும், இரண்டு கிழமை படிப்படியாகக் குறைத்து விட்டவர்களில் 39 பேரும் நான்கு கிழமையின் பின் புகைக்காமலிருந்தனர். இரு பகுதியாருக்கும் நிக்கொட்டின் மருந்தும் ஆலோசனையும் கொடுக்கப்பட்டிருந்தன என்பதைக் கவனியுங்கள். அந்த மருந்துகளில் ஒன்றான நிக்கொட்டின் சவ்வு மிட்டாய் சுவீடன் தேசத்தவரின் கண்டுபிடிப்பு. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க முடியாத மாலுமிகள் வாயில் புகையிலை அடக்கிச் சமாளித்ததைக் கண்டு எழுந்த யோசனை அது.

"மருந்து, மிட்டாய் எண்டு போனால் எனக்கு மனவுறுதி இல்லையெண்டுதானே அர்த்தம்?" என்று நண்பர் கேட்டார். இந்த இடத்தில்தான் அவர் தவறுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அவர் வயலைச் சுற்றி வேலி அடைத்திருக்கிறார். கட்டாக்காலி மாடு வரும், யானையும் வரும். வேலி அடைத்தவனுக்குப் பயிரில் நம்பிக்கையில்லை என்று செட்டிகுளத்தில் யாராவது சொல்வார்களா? பாவத்துக்கு ஏதுவான சமயங்களை விலக்க வேண்டுமென்று ஞானோபதேசத்தில் படித்தோமே, அதுவும் இந்த வேலிதான். முடிவை விரும்புகிறவன் அதற்கான வழிகளையும் விரும்ப வேண்டும். வழி எதையும் தேடாத பிரதிக்கினையைத்தான் நான் சந்தேகிப்பேன்.

ஆனால் வேலியை யார் அடைத்தது என்பதும் பார்க்கவேண்டியது. மெனிக் பாமின் கம்பி அவர் அடைத்த வேலியன்று. அதற்குள் ஏழு மாதம் புகைக்காதிருந்தும், கம்பி விலகிய அன்றே பழக்கம் திரும்பியது. அதிகாரிகளின் மிரட்டலுக்கும் இதே கதிதான். 1642 இல் பாப்பரசர் எட்டாம் உர்பான் செவில் மறைமாவட்டக் கோயில்களில் புகையிலை பாவிப்போரைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாக ஆணையிட்டார். 1725 இல் பதின்மூன்றாம் பெனடிக்ற் அத்தகைய தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. (குருமார்களே பொடி போடுவதை விடவில்லை என்பது வேறு கதை.) பாப்பரசர் பிரான்சிஸ் வேறு வழியில் போனார். யாரையும் விலக்காமல், வருமானம் போனாலும் போகட்டும் என்று, 2018 முதல் வத்திக்கானில் சிகரட் விற்பதை நிறுத்தினார். எமது நாட்டிலும் 107 நகரங்களில் வணிகர்கள் சிகரட் விற்பதை நிறுத்தியிருப்பதாக 2019 இல் சுகாதார அமைச்சு அறிவித்தது. அவற்றில் 22 யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தன. ஒரு கடைக்காரர் தானாக அடைத்த வேலி பத்து வீடுகளுக்கு உதவுகிறது.

மடு நேர்த்தி பற்றி அவருக்கு மிகுந்த பயம் இருந்தது. நேர்த்தி என்பது ஆய்ந்து, சுயாதீனத்தோடு, இயலக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைக் கடவுளுக்கு வாக்களிப்பது என்று 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. கூட்டத்தில், கண்ணீரில், அவசரத்தில் சொன்னது அந்த அளவுக்கு ஆய்ந்து சொன்னதா என்று பங்குத்தந்தையிடம் கேட்கச் சொன்னேன். தகுந்த காரணமிருந்தால் தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விடுவிக்கவும் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. புது நேர்த்தி வேண்டாமென்றும் சொன்னேன். பலவீனத்தோடு நேர்த்தி முறித்த பாரத்தையும் தலையில் ஏற்றுவதால் மாதாவுக்கு என்ன மகிமை?

மகளின் காரியம் வேறு. கடவுள் எமது உள்ளத்தைப் பார்க்கிறார். பிள்ளை பார்ப்பது கொட்டிலுக்குப் பின்னால் எழும் புகையை. நண்பரின் சித்தம் எவ்வளவு உண்மையாயினும் அவள் தலையில் மறுபடி கை வைக்க அவருக்கு உரிமையில்லை என்றே நினைக்கிறேன். முறிக்கப்பட்ட வாக்கை இன்னொரு வாக்கால் ஒட்டமுடியாது. "நான் அஞ்சு தரம் தோத்தவன். இந்த முறை இன்னின்னது செய்யப்போறன், நீ பார்த்துக்கொள்" என்று அவளிடம் சொல்லலாம். அதில் பொய்யில்லை.

அவர் செய்தது இவ்வளவு. ஒரு நாளைக் குறித்தார். வைத்தியரைக் கண்டார். காசை மனைவி கையில் கொடுத்தார். வயலுக்குத் தேநீர்க்கடை வழியாகப் போகாமல், சைக்கிளைக் குளக்கட்டு வழியாகத் திருப்பினார். அரை மைல் கூடுதல்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு தரம் தொலைபேசியில் பேசினேன். பன்னிரண்டாம் நாள், செத்த வீடொன்றில், யாரோ நீட்டியதை வாங்கிப் பற்றவைத்தாராம். பாதியில் எறிந்துவிட்டு, வீட்டுக்குப் போய் மகளிடம் தானே சொன்னாராம்.

"சுவாமி, இனி ஒண்டிலையிருந்து எண்ணுறதோ, பதின்மூண்டிலையிருந்து எண்ணுறதோ?" என்று கேட்டார்.

பதின்மூன்றிலிருந்து எண்ணச் சொன்னேன். மனைவி ஒன்றிலிருந்துதான் எண்ணுகிறாராம். மகள் இன்னும் எதுவும் சொல்லவில்லையாம்.