அழைத்தவனும் அருந்தியவனும்

தீங்கு தரக்கூடிய ஒன்றை ஒருவன் விலைக்கு வைக்கிறான். மற்றொருவன் தன் விருப்பத்தால் வாங்கி அருந்துகிறான். விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளர் யார்? இப்பழைய வினாவை இங்கிலாந்தின் பல்கலைக்கழக நகரங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றன.

அங்கே 18 வயது நிரம்பியவர் மது வாங்கச் சட்டம் இடந்தருகிறது. பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தில் நுழையும் வயதும் ஏறத்தாழ அதுவே. வீட்டைப் பிரிந்து, தோழமை இன்னும் வாய்க்காத இளைஞர் திரளாக வந்திறங்கும் முதல் வாரத்திலேயே, 'பப்' எனப்படும் மதுவிடுதிகள் அவர்களை ஈர்க்க முனைகின்றன. மாணவர் அட்டைக்கு ஒரு சலுகை. மாலையில் சில மணி நேரம் மலிவு விலை. விடுதிக்காரர் பக்கம் நியாயமே இல்லையென்று கூறிவிட முடியாது. வாடகையும் வரியும் கூலியும் அவரை நெருக்குகின்றன. மாணவர் வாராவிடில் கதவடைக்க நேரிடலாம். "நான் எவர் வாயிலும் ஊற்றவில்லை, வயது வந்தவர் தாமே விரும்பிக் குடிக்கிறார்" என்பது அவர் வாதம்.

இவ்வாதத்துக்கு ஃபிக்ஹுச் சட்டவியலிலேயே ஆதரவு இருப்பதுபோல் தோன்றும். 19ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசு தொகுத்த 'மஜல்லா'வின் 90ஆம் விதி, செயலை நேரே செய்தவனும் அதற்குக் காரணமானவனும் ஒருங்கே இருப்பின், பொறுப்பு செய்தவனையே சாரும் என்கிறது. பொதுவழியில் ஒருவன் கிணறு தோண்ட, வேறொருவன் பிறர் கால்நடையை அதில் தள்ளினால், ஈடு செய்யவேண்டியவன் தள்ளியவனே.

ஆயினும், செய்தவன் தன் செயலைத் தானே ஆள்கிறான் என்பதன்றோ இவ்விதியின் நியாயம்? மதுவிலே அந்த ஆட்சி அருந்த அருந்தக் கரைகிறது. முதற் கோப்பையைத் தேர்ந்தவன் தெளிந்தவன். அதற்கு அவனே விடையளிக்கக் கடமைப்பட்டவன். நான்காம் கோப்பையைத் தேர்பவன் யார்? முன்னைய மூன்றும் அவனோடு சேர்ந்தன்றோ தேர்கின்றன! விற்பவனோ தெளிந்து நின்று அதனைக் கண்ணாரக் காண்கிறான். வாங்குபவன் தாங்கமாட்டாத பொறுப்பு, தெளிந்து நிற்பவன் தோளுக்கு மாறுகிறது.

அந்நாட்டுச் சட்டமும் இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. போதை ஏறியவருக்கு அறிந்தே மது விற்பது 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி குற்றம். 2010இல் வந்த கட்டாய நிபந்தனைகள் குடிப்போட்டிகளைக் கட்டுப்படுத்தின. கேட்பவருக்குக் குடிநீரை இலவசமாகத் தரவும் பணித்தன. ஸ்காட்லாந்தின் விடுதிகளில் ஒருமுறை மாற்றிய மதுவின் விலையை 72 மணி நேரத்துக்கு மீண்டும் மாற்றலாகாது. சில மணி நேர மலிவு விலைக்கு அங்கே இடமில்லை.

அங்ஙனமாயின் மாணவரை அழைப்பதே தவறா? மனைக்கு அழைப்பது வேறு. மயக்கத்துக்கு அழைப்பது வேறு. சூடான உணவு, வினாவிடைப் போட்டி, குளிர்மாலையில் அமர்ந்து உரையாட ஓரிடம், மது அருந்தாத மாணவருக்கும் குறைவிலா மதிப்பு ஆகியவற்றைக் காட்டி அழைப்பவர் அவர்தம் தனிமைக்கு மருந்தளிக்கிறார். மலிவைக் காட்டி அடுத்த கோப்பைக்கு இழுப்பவர் அத்தனிமையையே முதலாக்குகிறார்.

மதுவை ஹராமெனக் கொள்ளும் நமக்கு அவ்வணிகம் முழுதும் விலக்கே. எனினும் பிறர் பலவீனத்தால் பெருகும் வாணிபம் மது ஒன்று மட்டுமன்று. தவணைக் கடனும் ஆடம்பரத் திருமணமும் நம் கடைத்தெருவிலும் உண்டு. எந்த அழைப்பையும் சோதிக்க ஒரே உரைகல் போதும்: அழைக்கப்பட்டவன் மறுநாட் காலை தெளிந்து எழுந்து, அழைத்தவன் நோக்கத்தை முற்றும் அறிந்தால், அவனுக்கு நன்றி சொல்வானா?