எப்போது வெட்டலாம்?

முழு உடலையும் காக்க நோயுற்ற உறுப்பை வெட்டலாம், ஆனால் வேறு வழியே இல்லாதபோதுதான் என்றார் 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ். கையிலோ காலிலோ வந்த மென்திசு சார்கோமா என்ற புற்றுநோய்க்கு நெடுங்காலம் வேறு வழி தெரியவில்லை.

1982இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஸ்டீவன் ரோசன்பர்க் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. 16 பேருக்கு உறுப்பு நீக்கம். 27 பேருக்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு. பின்னவர்களில் நால்வருக்கு அதே இடத்தில் கட்டி திரும்பியது. முன்னவர்களில் ஒருவருக்கும் இல்லை. உயிர் பிழைத்ததில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. (43 பேர் என்பது சின்னக் கணக்குதான்.)

வேறு வழி இருப்பதால் அக்வினாஸின் நிபந்தனை இங்கே நிறைவேறுவதில்லை.

ஆனால் காப்பாற்றிய காலும் சும்மா வருவதில்லை. அறுவைக்கு முன் கதிர்வீச்சு தந்தால் புண் ஆறுவது சிக்கலாகலாம்; பின்னர் தந்தால் விறைப்பு கூடலாம். எதைத் தாங்குவது என்பதை நோயாளியைக் கேட்காமல் எந்த இறையியலும் தீர்த்துவிட முடியாது.