துவாதசி காணாத ஏகாதசி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



எம்பெருமானைக் கண்ணாரச் சேவித்து, தீர்த்தமும் திருத்துழாயும் பெற்று, சடாரி சாதிக்கப்பெற்று, ததீயாராதனக் கூடத்தில் இலையின் முன் அமரும் பாக்கியம் இன்று நமக்குக் கிட்டியிருக்கிறது. அந்த இலையைப் பற்றியே அடியேன் சில வார்த்தைகள் விண்ணப்பம் செய்து கொள்ள விழைகின்றேன்.

ஏகாதசியன்று உபவாசமிருந்தவர் மறுநாள் காலையில் பாரணை செய்கிறார். துவாதசி இலையில் என்னென்ன இருக்க வேண்டுமென்பது வைணவ இல்லங்களில் சிறு குழந்தைக்கும் தெரியும். அகத்திக்கீரை உண்டு, நெல்லிக்காய் உண்டு, சுண்டைக்காய் உண்டு. ஒரேயொரு நாள் வாடிய உடலுக்குக்கூட வெறும் சோற்றை இட்டு விரதத்தை முடிக்க நம் முன்னோர் மனம் ஒப்பவில்லை. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்கு நெல்லியிலுள்ள வைட்டமின் சி துணை புரிகிறது என்று இன்றைய மருத்துவர் கூறுகின்றனர். அந்தப் பெயர்களை அறியாமலே நம் பாட்டிமார் இரண்டையும் ஒரே இலையில் சேர்த்துப் பரிமாறினார்கள்.

ஆனால் ஆண்டு முழுவதும் ஏகாதசியாகவே கழிந்து, துவாதசியே வாராத இல்லங்கள் உண்டென்பதை அடியேன் ஒரு திருவிழாவிலேதான் உணர்ந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், காவிரிக் கரையிலுள்ள ஒரு திவ்யதேசத்தில் ததீயாராதனம் நடந்து கொண்டிருந்தது. எதிர்ப் பந்தியில் வயல்வேலை செய்யும் மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். சோற்றையும் சாற்றமுதையும் உண்டார். பருப்பையும் கறியமுதையும் மட்டும் தொடாமல் ஒரு துண்டு இலையில் எடுத்து மடித்து வைத்தார். “ஏனம்மா, வீட்டில் அரிசிக்குச் சிரமமா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“அரிசிக்கு என்னங்க சாமி குறை? ரேசன்ல போடுறாங்க. மூணு வேளையும் சோறுதான். அது மேல ஊத்திக்கத்தான் ஒண்ணுமில்ல. மக மாசமா இருக்கா. உடம்புல ரத்தமே இல்லைன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. பெருமாள் பிரசாதம், அவளுக்கு எடுத்துக்கிட்டுப் போறேன்.”

அன்று அடியேனுக்கு அதற்கு மேல் அமுது இறங்கவில்லை.

அன்பர்களே, அந்த அம்மையார் கூறியது உண்மை. தமிழகத்தில் 2011-ஆம் ஆண்டு ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு ரேஷன் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காமராஜர் காலத்தில், 1956-இல், மதிய உணவுத் திட்டம் மலர்ந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் தொடங்கிற்று. இவற்றால் வயிற்றுப் பசி பெரிதும் தணிந்தது. போற்றத்தக்க அறம் இது, மறுப்பாரில்லை.

எனினும், 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு வேறொரு செய்தியையும் சொல்கிறது. தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்த சோகையுடையவர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிலோ நூற்றுக்கு 57. வயிறு நிறைந்திருக்கிறது, இரத்தம் வெளுத்திருக்கிறது. இரத்த சோகைக்குக் காரணங்கள் பல உண்டு; ஆயினும் இலையில் கீரையும் பருப்பும் காயும் பழமும் இல்லாமை அவற்றுள் முதன்மையானதொன்று.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறை, ஒருவருக்கு நாளொன்றுக்கு 85 கிராம் பருப்பு வகைகளும் 400 கிராம் காய்கீரைகளும் வேண்டுமென்கிறது. ரேஷன் கடையில் சலுகை விலைக்குக் கிடைப்பதோ அட்டைக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு. ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் அதைப் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழு கிராம்கூட வாராது. எஞ்சியதைக் கடை விலைக்கு வாங்க வேண்டும். காய்கறிக்கோ ரேஷனே இல்லை. நகரத்துச் சந்தையிலிருந்து பேருந்தேறிச் சிற்றூர்க் கடைக்கு வந்து சேர்வதற்குள் காய் வாடுகிறது. விலை மட்டும் வாடுவதில்லை. நாள்கூலி பெறும் தாய் முதலில் எதைக் குறைப்பாள்? சோற்றைக் குறைக்க மாட்டாள், குழந்தை அழும். கறியைக் குறைப்பாள், முதலில் தன் பங்கைக் குறைப்பாள்.

“நாட்டில் விளைச்சல் போதாதோ?” என்று ஐயுற வேண்டாம். பால் உற்பத்தியிலும் பருப்பு உற்பத்தியிலும் உலகில் முதலிடம் நம் பாரதத்திற்கே. காய்கறியில் இரண்டாமிடம். இதை நினைக்கும்போதெல்லாம் எம்பெருமானாரின் திருச்சரிதத்தில் ஒரு நிகழ்ச்சி அடியேன் நெஞ்சில் நிழலாடுகிறது.

உடையவர் துறவு மேற்கொள்வதற்கு முன் காஞ்சியில் இல்லறத்தில் எழுந்தருளியிருந்த காலம். பசியால் வாடிய ஸ்ரீவைஷ்ணவர் ஒருவர் வந்தார். “பழைய அமுது இருந்தால் இவருக்கு இடு” என்று தம் தேவிகளிடம் கூறினார் ஸ்வாமி. “இல்லை” என்று மறுமொழி வந்தது. பின்னர் பார்த்தால் திருமடைப்பள்ளியில் அமுது இருந்தது. இருந்ததை இல்லையென்ற அச்சொல் அவர் திருவுள்ளத்தை எவ்வளவு புண்படுத்திற்று என்பதைக் குருபரம்பரை நமக்குக் காட்டுகிறது.

அவ்வம்மையாரைக் குறை கூற நாம் யார்? பாலும் பருப்பும் பசுங்காயும் மலைபோல் விளையும் இந்நாட்டில், ஏழையின் இலையைப் பார்த்து “இல்லை” என்கிறோமே, அதே சொல்லை அன்றோ நாமும் சொல்கிறோம்? மடைப்பள்ளியில் அமுது இருக்கிறது. வாசலில் நிற்பவருக்குத்தான் அது எட்டவில்லை.

“அதுதான் சோறு போடுகிறோமே, போதாதா?” என்று கேட்பாரும் உண்டு. அவர்களுக்கு நம் ஆலயக் கல்வெட்டுகளே விடை கூறும். சோழர் காலத்தில் எம்பெருமான் திருவமுதுக்கு நிலம் விட்டவர்கள் அரிசியின் அளவை மட்டும் பொறித்து நிறுத்திவிடவில்லை. பருப்பமுது, கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என்று ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே அளவு வகுத்துக் கல்லில் வெட்டினார்கள். பசியே இல்லாத பரமனுக்கு இத்தனையும் வேண்டுமென்று கருதிய நாம், பசியே வாழ்வான அவன் அடியார்க்கு வெறும் சோறு போதுமென்று கருதலாமோ? நம் சம்பிரதாயத்தில் அடியாரை உண்பிப்பதற்குப் பெயர் பிச்சையன்று, ஆராதனம். ஆராதனத்தில் குறைந்த இலை என்று ஒன்று இல்லை. நாள்தோறும் ஆயிரத்தெட்டு வைணவர்களை ஓராண்டுக் காலம் அமுது செய்விக்க வேண்டுமென்று திருமங்கையாழ்வாரிடம் குமுதவல்லியார் வேண்டியதும் இந்த ஆராதனத்தையே.

தனக்கென்று மட்டும் சமைத்து உண்பவர் பாவத்தையே உண்கின்றனர் என்று கண்ணன் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அருளிச் செய்தான். அந்தப் பாவத்திலிருந்து விடுபட நாம் செய்யத்தக்க கைங்கர்யங்கள் சில உண்டு. அவை பெருஞ்செல்வர்க்கு மட்டும் உரியவை அல்ல.

அன்னதானத்திற்கு அரிசி மூட்டை அனுப்பும் அன்பர்கள், அடுத்த முறை பயறும் துவரையும் காய்கறிக் கூடையும் அனுப்புங்கள். கீரைக் கட்டை வாசலில் கொண்டு வரும் மூதாட்டியிடம் ஒரு ரூபாய்க்கு வாதாடாதீர்கள். அவர் தம் வீட்டுக்குக் கீரையை மிச்சம் வைக்க முடியாமல் விற்கிறார். இடமுள்ள நந்தவனங்களில் துளசிக்கும் அலரிக்கும் அருகே அகத்தியும் நெல்லியும் வளர்க்கலாம். அவற்றை ஊரிலுள்ள கர்ப்பிணிப் பெண்களுக்கு எம்பெருமான் பெயரால் வழங்கலாம். துவாதசிதோறும் தம் இல்லத்துப் பாரணை இலையோடு இன்னும் ஓர் இலை சேர்த்திடுங்கள். ஏழைத் தாய் ஒருத்தியை அழைத்து அதில் அமரச் செய்யுங்கள். ரேஷனில் பருப்பைக் கூட்டித் தர வேண்டுமென்று ஊர்ப் பெரியோர் அரசினரிடம் விண்ணப்பிப்பதும் கைங்கர்யமே.

அந்த மூதாட்டி மடித்து வைத்த இலையின்மேல் அன்று பரிமாறுபவர் இன்னும் இரண்டு கரண்டி பருப்பும் கறியமுதும் வைத்துக் கட்டிக் கொடுத்தார். அவர் அதை இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சென்றார். அம்மகளுக்கு அன்று ஒரு துவாதசி வந்தது. மறுநாள் என்ன ஆயிற்று என்பது அடியேனுக்குத் தெரியாது. ஆண்டுக்கொரு திருவிழா வருகிறது; இரத்தமோ அன்றாடம் ஊற வேண்டும்.

ஆகவே மெய்யன்பர்களே, இன்று இலையின் முன் அமரும்போது, முதற்கவளம் எடுக்குமுன் ஒரு கணம் நினையுங்கள். நம் ஊரில் இன்னும் பாரணை ஆகாதவர் யார்? அவர் இல்லத்திற்கு இந்தக் கறியமுது எவ்வழியாகச் சென்று சேரும்? அந்த வழியாக நாமே ஆவதற்கு எம்பெருமான் திருவுள்ளம் பற்றியருள்வானாக!

எம்பெருமான் திருவடிகளே சரணம்.
எம்பெருமானார் திருவடிகளே சரணம்.

சுபம்